வேன் திரும்புவதற்குள் எழுதியவை

நிதானமாக எழுதினால் நன்றாக வரும் என்கிறாள் துஷாந்தினி. தலவாக்கலையில் நான் வேலை பார்த்த கடையில் என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளை அவள். நல்ல குரல், நல்ல படிப்பு. ஒலிபெருக்கி வேனில் போக வேண்டிய அறிவித்தலைக் கைப்பேசியில் எழுதி, அதிலேயே பேசிப் பதிந்து, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடியும் பதிகிறாள். போன வாரம் ஒரு புடவைக்கடைத் திறப்பு விழாவுக்குக் காலையில் எழுதத் தொடங்கி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எழுதினாள். பிறகு எனக்கு வாசித்துக் காட்டினாள். குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மனதில் நிற்கவும் ஒன்றும் இல்லை. இதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன், பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப நீங்க எப்புடித்தான் எழுதுனீங்க ராணிக்கா?" என்று கேட்டாள்.

கேட்டது அவள் தப்பு. இனி நான் லேசில் நிறுத்தப் போவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் எழுதப் பிறந்தவள் இல்லை. கல்லுமலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளுக்குச் சோறூட்டி, மூக்குத் துடைத்து, தாலாட்டி, அதட்டியே பாதி ஆயுள் போனது. பிறகு அந்த வேலைக்கு டிப்ளோமா படித்தவர்கள் வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது தொண்டை மட்டும்தான். ஒருநாள் தலவாக்கலை பசாரில் பல்பு வாங்கப் போய், எரியாத பல்பைக் கொடுத்துவிட்டான் என்று விற்பனைப் பையனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு சின்ன உருவம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்து, "பல்ப மாத்தித் தர்றேங்க்கா. இதே தொண்டையில மைக்ல பேசுவீங்களா?" என்று கேட்டது. என் இரண்டாவது உத்தியோகம் அப்படிக் கிடைத்தது.

அந்தச் சின்ன உருவம்தான் என் முதலாளி. பெயர் கௌசல்யா. மின்சாரச் சாமான் விற்கும் கடையும், கூடவே ஒலிபெருக்கி வேனும் அப்பா விட்டுப்போனவை. அண்ணன்மார் வெளிநாட்டில் இருந்துவிட்டார்கள். கடையில் வேலை செய்தவர்கள் குழந்தையிலிருந்து அவரைப் பாப்பா என்றே கூப்பிட்டுப் பழகியதால், முதலாளி ஆன பிறகும் பாப்பாதான். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது, பாப்பாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அந்தப் பெயரை நம்பி நான் கொஞ்சம் அலட்சியமாகத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். பாப்பாவை நினைத்துப் பயப்பட ஒரு கிழமை போதுமானதாக இருந்தது.

பாப்பா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவசரம், சீக்கிரம் என்ற வார்த்தைகளும் வாயில் வராது. அறிவித்தல் கொடுக்க ஆட்கள் வருவார்கள், விஷயத்தைச் சொல்வார்கள். பாப்பா கேட்டுக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, பின்பக்கம் திரும்பி, "செல்வம், வண்டியத் திருப்பு" என்பார். அவ்வளவுதான் என் கெடு. கடைக்குப் பின்னால் இருந்த சந்து ஒடுக்கமானது. ஒரு பக்கம் மரக்கறிக் கடைக்காரரின் பெட்டிகள், மறுபக்கம் சாக்கடைக் கான். வேனின் மூக்கு எப்போதும் சுவரைப் பார்த்து நிற்கும். டிரைவர் செல்வம் அதை முன்னே ஒரு சாண், பின்னே ஒரு சாண் என்று ஆட்டி ஆட்டி, மரக்கறிக்காரரிடம் திட்டு வாங்கி, ரோட்டுப் பக்கம் திருப்பி முடிக்கிற நேரத்துக்குள் அறிவித்தல் தாளில் இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன செய்வார் என்று முதல் நாளே பார்த்துவிட்டேன். ஒரு தொழிற்சங்கக் கூட்டத்துக்கான அறிவித்தல் அது. நாலு வரி எழுதி, "ஆகவே" என்று ஐந்தாவது வரியை ஆரம்பித்து யோசித்துக்கொண்டிருந்தபோது செல்வம் ஹோர்ன் அடித்துவிட்டான். பாப்பா தாளை வாங்கிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நிமிசம் பாப்பா" என்றேன். "பரவால்லக்கா. இதையே வாசிங்க" என்று திருப்பிக் கொடுத்தார். சொன்னால் சொன்னதுதான். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒவ்வொரு லயத்துக்கும் முன்னால் "ஆகவே" என்று சொல்லி வாயை மூடினேன். கொழுந்து மலையில் நின்ற பெண்கள் எல்லாம், "ஆகவே என்னக்கா?" என்று கத்தினார்கள். அந்த மாதம் முழுக்க என் பெயர் ஆகவே அக்கா. அதற்குப் பிறகு வேன் திரும்புவதற்குள் நான் எழுதி முடிக்காமல் இருந்தது ஒரே ஒரு தடவைதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கெடு ஒன்று போதாது என்பது பாப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவசரத்தில் கை பழகிய வார்த்தைக்குத்தான் ஓடும். அதனால் எழுத உட்காரும் முன்பே ஓடுகிற வழியை அடைத்துவிடுவார். "அலைகடலெனத் திரண்டு வாரீர்" என்று நான் ஒருநாள் எழுதியதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம ஆளுங்க கடலப் பாத்திருக்காங்களாக்கா?"

"எங்க பாப்பா, நானே பாக்கல."

"அப்ப அது வேணாம். இனிமே கூட்டத்துக்கு எழுதுனா திரண்டுன்னு எழுதாதீங்க. வாரீர்னும் எழுதாதீங்க. செல்வம், வண்டியத் திருப்பு."

வேறு என்னதான் எழுதுவது? வேன் முன்னும் பின்னும் ஆடுகிற சத்தம் காதில் விழ விழ எனக்கு வியர்த்தது. கடைசியில், "சம்பள நாள் அன்று எவ்வளவு பேர் வெள்ளனே வந்து வரிசையில் நிற்பீர்களோ, அவ்வளவு பேரும் வாருங்கள்" என்று எழுதினேன். லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள், கூட்டத்துக்கும் வந்தார்கள். சங்கத்துத் தலைவர்களுக்குக் கொஞ்சம் கோபம். பாப்பா அன்று தேநீரோடு எனக்கு மீன் வைத்த மாலுபான் ஒன்று வரவழைத்தார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு பூட்டு. துணிக்கடை விற்பனைக்கு மலிவு என்ற சொல் இல்லாமல் எழுத வேண்டும், கோயில் திருவிழாவுக்கு அருள் இல்லாமல், இசைக்குழுவுக்கு மாபெரும் இல்லாமல். எனக்கு எரிச்சலாக வரும். பாப்பாவுக்கு வேறு வேலை இல்லை என்று செல்வத்திடம் புலம்புவேன். ஆனால் வண்டி ஏறியதும் தாளைப் பார்த்தால், நான் எழுதியதா இது என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும். பழகிய வார்த்தையையும் பறித்துவிட்டு, அலங்காரம் தேட நேரமும் கொடுக்காவிட்டால், எனக்கு நிஜமாகவே தெரிந்த ஒன்றைத்தான் நான் எழுத முடியும். துஷாந்தினி, இதுதான் நான் உனக்குச் சொல்ல நினைத்தது. ஆனாலும் மிச்சத்தையும் கேள்.

நீளத்துக்கும் பாப்பா ஓர் அளவு வைத்திருந்தார். மலைப்பாதையின் வளைவை நாங்கள் முடக்கு என்போம். ஒரு முடக்கிலிருந்து அடுத்த முடக்குக்குப் போகும் வரைதான் ஒரு லயத்துக்கு எங்கள் சத்தம் கேட்கும், அதற்கப்பால் மலை மறைத்துவிடும். எனவே அறிவித்தல் இரண்டு முடக்குகளுக்கு இடையில் தொடங்கி முடிய வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாப்பா எங்களோடு வேனில் ஏறி, ஒவ்வொரு லயத்துக்கும் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை போல வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தார். ஈரொன்று இரண்டு, ஈரிரண்டு நாலு. சில லயங்கள் மூன்று வாய்ப்பாட்டு நீளம், சில லயங்கள் இரண்டு. கல்லுமலையின் கீழ் லயத்துக்கு ஒரு வாய்ப்பாடு முடியும்போதே முடக்கு வந்துவிட்டது. பாட்டு ஒலிபரப்பும் வண்டியில் முதலாளி வாய்ப்பாடு சொல்வதைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

சாவுச் செய்திக்கு மட்டும் தனி ஒழுங்கு. லயத்துக்கு ஒரு முடக்கு முன்னதாகவே பாட்டை நிறுத்திவிட வேண்டும். செல்வம் வேகத்தைக் குறைப்பான். முதலில் தோட்டத்தின் பெயர், பிறகு லயம், பிறகு ஒரு மூச்சு இடைவெளி, அதன் பிறகுதான் ஆளின் பெயர், கடைசியில் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும் என்ற வரி. பாட்டு நின்றதுமே ஜனங்களுக்குத் தெரிந்துவிடும். சட்டியில் கை வைத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு, லயத்து அறையான காம்பராவின் முன்னால் இருக்கும் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து நிற்பாள். சீட்டாடுகிறவர்கள் எழுந்து நிற்பார்கள். வேறு எந்த அறிவித்தலுக்கும் அப்படி ஒருவரும் வெளியில் வருவதில்லை.

மாரியாயி என்ற அம்மா இறந்தபோது மகன்மார் மூன்று பேரும் கடைக்கு வந்து, தங்கள் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "மகன், மருமகன் பேரெல்லாம் அப்புறம் வரட்டுங்க்கா. இன்னாருக்குச் சம்சாரம், இன்னாருக்கு அம்மான்னு வராம முதல்ல ஒரு வரி" என்றார். வண்டி திரும்பத் தொடங்கியது. நான் கடைசி மகனைக் கேட்டேன், "அம்மா மலையில எப்புடி தம்பி?" என்று. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பவும் மொத நெரைதாங்க்கா. பாடிக்கிட்டே எடுப்பாங்க" என்றான். மழை நாளிலும் முதல் நிரையில் நின்று, பின்னால் வருகிறவர்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுத்த மாரியாயி அம்மா காலமானார் என்று எழுதினேன். பக்கத்துத் தோட்டத்து மலையில் அதை வாசித்தபோது, அவர் பெயரே தெரியாத பெண்கள், "ஐயோ, அந்தப் பாட்டுக்கார அக்காவா!" என்று கூடையை இறக்கி வைத்தார்கள். நான் வண்டிக்குள் இருந்து அழுதேன். ஒரு மனுஷியைச் சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற சந்தோஷமும் அந்த அழுகையில் இருந்தது.

இப்போது அந்த ஒரே ஒரு தடவைக்கு வருகிறேன்.

ஐப்பசி மழை நாள்கணக்காக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கல்லுமலைக் கீழ் லயம் ஒரு செங்குத்தான சரிவின் அடியில் இருந்தது. மண் சரியலாம், லயத்தை விட்டுவிட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாடசாலை மண்டபத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லச் சொல்லி, அரசாங்கத்திலிருந்து எழுதிக் கொடுத்த தாள் ஒன்று கடைக்கு வந்தது. அபாயம், எச்சரிக்கை, பாதுகாப்பு, பொதுமக்கள் எல்லாம் அதில் இருந்தன. அதை அப்படியே வாசித்துக்கொண்டு போனோம். கீழ் லயத்தில் ஒருத்தி இஸ்தோப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னா ராணிக்கா, சேல்ஸா?" என்று கேட்டாள்.

அந்த லயத்தில் எல்லோரும் தலைவர் முத்துக்கருப்பன் சொல்கேட்டு நடப்பவர்கள். சங்கத்தின் தோட்டத் தலைவர் அவர். கூட்டம் என்றால் உயிர், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அன்று துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன மழைக்கும் போச் சொன்னீங்க, போனோம். மலை எடத்துலயே நின்னுச்சு. திரும்பி வந்து பாத்தா கோழியக் காணோம், கேஸ் சிலிண்டரக் காணோம். இந்தத் தடவ எது காணாமப் போவணும்கிறீங்க?" என்றார். லயமே சிரித்தது.

மறுநாள் மாலை கிராம சேவகர் சொட்டச் சொட்ட நனைந்து கடைக்கு வந்தார். சிங்கள இளைஞர். எங்கள் தமிழைத் தத்தித் தத்திப் பேசுவார், எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

"அக்கா, லயத்துக்குப் பின்னுக்கு நெலம் வெடிச்சிருக்கு. என் கை உள்ளுக்குப் போகுது. பீலித் தண்ணி செவப்பா வருது. நான் சொல்லி அவங்க கேக்கல்லதானே. உதவிக்கு வாற ஆளுங்க வழியில மரம் விழுந்து நிக்கிறாங்க. இருட்ட முந்தி அவங்க வெளியில வரணும்."

பீலி என்பது மலையிலிருந்து தண்ணீர் கொட்டும் குழாய். அதில் தெளிவாக வரும் தண்ணீர் மண்ணாக வந்தால் உள்ளே மலை கரைகிறது என்று எங்களுக்குத் தெரியும். அந்த லயத்தில் இருக்கும் தாய்மாரில் பாதிப் பேர் நான் பிள்ளைக் காம்பராவில் தூங்கவைத்தவர்கள். நானும் அதே தோட்டத்தில் மேல் லயத்தில் இருந்ததால் அவர்களுடைய பிள்ளைகளையும் ஒன்று விடாமல் தெரியும்.

பாப்பா வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "செல்வம், வண்டியத் திருப்பு."

எனக்கு ஓர் எழுத்தும் வரவில்லை. வேன் முன்னே போனது, பின்னே வந்தது, மரக்கறிக்காரர்கூட அன்று திட்டவில்லை. செல்வம் ஹோர்ன் அடித்தபோது தாள் வெறுமையாக இருந்தது. பாப்பா அதைப் பார்த்தார். கல்லாப்பெட்டியைப் பூட்டினார். கிராம சேவகரை லயத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தானும் வேனில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"லயத்துக்கு முந்துன கோயில் முடக்கு வரைக்கும் நேரம் இருக்குங்க்கா. மண்சரிவு வேணாம். அபாயம் வேணாம். எச்சரிக்கை வேணாம், பாதுகாப்பும் வேணாம். கேட்டுக் கேட்டு அவங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு. கீழ் லயத்துக்கு ஒரு வாய்ப்பாடுதான், ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. "உசுரு போற நேரத்துல என்ன பாப்பா இந்த வெளையாட்டு? அதெல்லாம் இல்லாம என்னத்த எழுத?" என்று கத்திவிட்டேன்.

"ஒங்களுக்கு என்ன தெரியுமோ அத" என்றார்.

எனக்குத் தெரிந்தது பிள்ளைகளின் பெயர். ஆடுகிற வண்டியில் தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு பிள்ளையாக எழுத ஆரம்பித்தேன். யாருடைய பிள்ளை, என்ன பெயர். ஒரு வாய்ப்பாட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் பெரியவர்களை எல்லாம் விட்டேன். பிறகு போக வேண்டிய இடம். பிறகு நேரம். எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அப்படியே சாவுச் செய்தியின் ஒழுங்கில் இருந்தது அது. உயிரோடு இருக்கும் குழந்தையின் பெயரை அந்த ஒழுங்கில் சொல்வதை எங்கள் பக்கத்தில் நினைத்தும் பார்க்க மாட்டார்கள்.

"பாப்பா, இது எழவு சொல்ற மாதிரி இருக்கு. என்னால வாசிக்க ஏலாது."

பாப்பா வாங்கி வாசித்தார். பேனாவை வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். சாவுச் செய்தியின் அடியில் தகவல் என்று குடும்பத்தார் பெயர் போடுவோம் அல்லவா, அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார். இத்தனை வருடத்தில் எந்த அறிவித்தலிலும் அவர் பெயர் வந்ததில்லை.

"அடிக்க வந்தா என்னைய அடிக்கட்டும். நீங்க வாசிங்க" என்றார். கோயில் முடக்கு வந்தது. "செல்வம், பாட்ட நிறுத்து."

செல்வம் திரும்பிப் பார்த்தான். "யாரு பாப்பா செத்தா?"

"யாரும் சாகல. நிறுத்து, மெதுவாப் போ."

பாட்டு நின்றது. மழைச் சத்தம் மட்டும். கீழ் லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்து பெண்கள் இஸ்தோப்புக்கு வருவதைப் பார்த்தேன். மைக்கை எடுத்தேன்.

"கல்லுமலைத் தோட்டம், கீழ் லயம். சண்முகம், வசந்தி தம்பதிகளின் அன்பு மகள் கிருஷிகா, உயிரோடு இருக்கிறாள். ராமர், பழனியம்மா தம்பதிகளின் அன்பு மகன் தனுஷன், உயிரோடு இருக்கிறான். யோகேஸ்வரியின் அன்பு மகன் கவின், உயிரோடு இருக்கிறான். செல்லத்துரை, புஷ்பம் தம்பதிகளின் அன்பு மகள் அபிநயா, உயிரோடு இருக்கிறாள். இவர்கள் இன்று இருட்டும் முன் கீழ் லயத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, பாடசாலை மண்டபத்தில் உறங்கவைக்கப்படுவார்கள். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். தகவல், கௌசல்யா."

கிருஷிகா என்று நான் சொன்ன நொடியில் வசந்தி உள்ளே ஓடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியும் அப்படித்தான் செய்தாள். நான் முடித்தபோது எல்லாப் பிள்ளைகளும் தாயின் இடுப்பில் மழைக்குள் நின்றன. அடுத்த நிமிடம் லயம் முழுக்க எங்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. கண்ணாடியில் சேறு வந்து விழுந்தது. தலைவர் கதவில் அடித்து, "உசுரோட இருக்கிற புள்ளைக்கு எழவு சொல்றியா? எறங்குடி கீழ!" என்று கத்தினார். அதைத் தாங்கிக்கொண்டேன். வசந்தி பிள்ளையை அணைத்தபடி அழுதுகொண்டு, "ஒங்க மடியில தூங்குனவதான நானு? என் புள்ளைய ஒங்க வாயால எப்புடிக்கா அப்புடிச் சொன்னீங்க?" என்று கேட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாப்பா குடையை விரிக்காமலே இறங்கினார். சண்டைக்கு வந்தவர்களின் நெஞ்சு உயரம்தான் இருந்தார்.

"தலைவரே, பேர் போட்டது நானு. பெரிய தப்பு. அதுக்கு ரோட்டுல நின்னு நியாயம் பேசக் கூடாது. கூட்டம் போடுங்க. ஸ்கூல் ஹோல்ல போடுங்க. எல்லார் முன்னுக்கும் மன்னிப்புக் கேக்குறேன். ஆனா ஒரு வீடு விடாம வரணும். ஒரு ஆள் கொறஞ்சாலும் நான் கேக்க மாட்டேன்."

தலைவர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சட்டென்று திரும்பி, "கேட்டீங்களா? கூட்டம்! இப்பவே! ஒரு ஆள் விடாம வாங்க!" என்று குரல் கொடுத்தார். அபாயத்துக்கு அசையாத மனிதர் காம்பரா காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டினார். நடக்க முடியாத ஒருவரை நாற்காலியோடு தூக்கச் சொன்னார். எழவு வண்டி ஒழிக என்று யாரோ ஆரம்பிக்க, மொத்த லயமும் கோஷம் போட்டுக்கொண்டு ஓடைப் பாலத்தைக் கடந்து பாடசாலைக்கு நடந்தது. கிராம சேவகர் வாயைத் திறந்தபடி கடைசி ஆளுக்குப் பின்னால் வந்தார். நாங்கள் வேனின் விளக்கைப் போட்டு அவர்களுக்கு வழி காட்டினோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மண்டபத்தில் தலைவர் பேசினார். லயத்து மானம், தாய்மார் மனம், சங்கத்தின் வரலாறு எல்லாம் பேசினார். அந்தியும் போய்விட்டது, அவர் நிறுத்தவில்லை. பாப்பா ஈரத் துணியோடு எல்லோருக்கும் முன்னால் கைகட்டி நின்றார். பேச்சு நீள நீள அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் மட்டும் பார்த்தேன். தலைவர் முடித்ததும் பாப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒங்க புள்ளைங்க பேர அப்புடிக் கேக்க வச்சதுக்கு என்னைய மன்னிச்சுக்குங்க. எந்தத் தாய்க்கும்..."

லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவது போல ஒரு சத்தம். நிற்காமல் கொட்டியது. தரை அதிர்ந்து, பிள்ளைகள் வீரிட்டு அழுதன. பிறகு நின்றது. செல்வமும் கிராம சேவகரும் டோர்ச்சோடு பாலம் வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார்கள். "லயம் இல்லங்க. கூரைகூடத் தெரியல" என்றான் செல்வம்.

தாய்மார் பிள்ளைகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். யாரோ விசும்பத் தொடங்கினார்கள். வெகு நேரம் கழித்துத் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"ராணி, அத வாசி."

"எதங்க தலைவரே?"

"அதத்தான். வண்டியில வாசிச்சத."

தாள் நனைந்து என் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மைக் இல்லை, வெறும் குரலில் வாசித்தேன். கிருஷிகா, உயிரோடு இருக்கிறாள் என்றதும் வசந்தி, "இருக்கா" என்றாள். தனுஷன் என்றேன், பழனியம்மா அழுதுகொண்டே, "இருக்கான்" என்றாள். கவின் இருந்தான். அபிநயா இருந்தாள். தாளில் இல்லாத பிள்ளைகளின் பெயரை அவர்களின் தாய்மாரே எழுந்து நின்று சொன்னார்கள், எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும் என்ற இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. பாப்பா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரியைத் தானே சொன்னார்.

"தகவல், கௌசல்யா."

இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும் என்ற வரியை எத்தனையோ சாவுக்கு எத்தனையோ லயத்தில் வாசித்திருக்கிறேன். அப்படிக் கேட்டுவிட்டு வண்டி அடுத்த முடக்கில் மறைந்துவிடும், யாரும் பதில் சொல்லிக் கேட்டதில்லை. தலைவர் முத்துக்கருப்பன் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பள்ளிப் பிள்ளைகளின் சின்ன வாங்கில் உட்கார்ந்து, பாப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏத்துக்கிட்டோம்மா" என்றார்.